தெருவைக் கடந்த கதை

எதிர்ச்சாரியிலிருந்த ஒரு கடைக்குப் போய்ப் பால் வாங்கி வர எனக்கு முப்பத்தைந்து நிமிஷம் பிடித்தது. கடையில் கூட்டமில்லை. பாலும் தயாராக இருந்தது. நடுவில் ஒரு தெரு இருந்தது, அவ்வளவுதான்.

2024ஆம் வருஷம் கோடையில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தில் என் தமக்கை மகள் வீட்டில் இரண்டு மாதம் தங்கியிருந்தேன். வெஸ்ட் ஆடம்ஸ் என்ற பழைய பேட்டை. போன மறுநாள் காலை, காப்பிக்குப் பால் இல்லை என்று தெரிந்ததும், "நான் வாங்கி வருகிறேன்" என்று செருப்பை மாட்டிக்கொண்டேன்.

"நடந்தா போகப் போகிறீர்கள், மாமா?" என்றாள் என் மருமாள். காசிக்குப் பாத யாத்திரை போகிறேன் என்று சொல்லியிருந்தால்கூட அவள் அவ்வளவு ஆச்சரியப்பட்டிருக்க மாட்டாள்.

"இதோ தெரிகிறதே கடை!"

"தெரியும், மாமா. ஆனால் தாண்ட முடியாது. பத்து நிமிஷம் பொறுத்துக்கொள்ளுங்கள், காரை எடுக்கிறேன்."

நான் பொறுத்துக்கொள்ளவில்லை. தெரு விளிம்பில் போய் நின்றேன். இந்தப் பக்கம் மூன்று வரிசை, அந்தப் பக்கம் மூன்று வரிசை, நடுவில் திரும்புகிறவர்களுக்கென்று ஒரு வரிசை. ஏழு வரிசையிலும் மோட்டார்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டேயிருந்தன. விளக்குக் கம்பம் இருக்குமிடத்துக்குப் போய்த்தான் கடக்க வேண்டும். அது வெகு தூரத்தில் இருந்தது. போகும்போதும் வரும்போதும் நான் சந்தித்த ஒரே மனிதர், நாயைக் கூட்டிக்கொண்டு வந்த ஒரு கிழவர். என்னைப் பார்த்து அநுதாபத்துடன் தலையை ஆட்டினார். என் கார் எங்கோ பழுதாகி நின்றுவிட்டது என்று நினைத்திருப்பார் போலிருக்கிறது.

லாஸ் ஏஞ்சல்ஸ் நகரம் மோட்டாருடன் கூடப் பிறந்தது என்று பலர் நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். அன்று மத்தியானம் முதல் சில புத்தகங்களைப் புரட்டியதில் அது தப்பு என்று தெரிந்தது. ரயில் பாதையோடு வளர்ந்த நகரம் அது. ஹென்றி ஹண்டிங்டன் என்ற பெரிய பணக்காரர் 1901ல் 'பசிபிக் எலெக்ட்ரிக்' என்ற மின்சார ரயில் கம்பெனியை ஆரம்பித்தார். அதன் சிவப்பு வண்டிகள் ஆயிரம் மைலுக்கு மேற்பட்ட தண்டவாளத்தில் ஓடின. மலையடிவாரத்துக்கும் போகலாம், கடற்கரைக்கும் போகலாம். ஊருக்குள்ளே ஓடுவதற்குத் தனியாக மஞ்சள் வண்டிகள் இருந்தன.

பிறகு மோட்டார் வந்தது. கடைத்தெருவில் டிராம் வண்டிகள் நகர முடியாமல் திணறின. 1920ஆம் வருஷம் ஏப்ரல் மாதத்தில் நகரசபை ஒரு துணிச்சலான காரியம் செய்தது. பகல் வேளையில் கடைத்தெருப் பகுதியில் காரை நிறுத்தி வைக்கக் கூடாது என்று சட்டம் போட்டது. டிராம்கள் சுகமாக ஓடின. ஆனால் கடைகளில் வியாபாரம் படுத்துவிட்டது. கிளாரா கிம்பல் யங் என்ற சினிமா நட்சத்திரத்தை முன்னால் வைத்துக்கொண்டு மோட்டார்க்காரர்கள் ஊர்வலம் விட்டார்கள். சட்டம் மூன்று வாரம்கூட நிலைக்கவில்லை. காருக்கும் ஊருக்கும் நடந்த முதல் வழக்கில் கார் ஜயித்தது. நட்சத்திரங்கள் ஒரு பக்கம் சேர்ந்தால் அந்தப் பக்கந்தான் ஜயிக்கும் என்பது நமக்குத் தெரியாத விஷயமல்ல.

ஐந்து வருஷம் கழித்து, 1925 ஜனவரியில், நடக்கிறவர்களுக்கு ஒரு சட்டம் வந்தது. குறித்த இடத்தில், குறித்த வேளையில்தான் தெருவைக் கடக்க வேண்டும். மீறுகிறவர்களைப் பார்த்துப் போலீஸ்காரர் விசில் ஊதுவார். பத்துப் பேர் திரும்பிப் பார்த்துச் சிரிப்பார்கள். அபராதத்தைவிட இந்தச் சிரிப்பு நன்றாக வேலை செய்தது. மற்ற அமெரிக்க நகரங்களும் அந்தச் சட்டத்தையே மாதிரியாக வைத்துக்கொண்டன. அதுவரையில் தெரு என்பது குழந்தைகள் விளையாடவும், வண்டிக்காரன் காய்கறி விற்கவும், இரண்டு பேர் நின்று பேசவும் ஆன இடம். அதற்குப் பிறகு அது மோட்டார் போகிற இடம் ஆயிற்று. 2023 ஜனவரியில்தான் கலிபோர்னியா மாகாணம் இந்தக் கட்டைச் சற்றுத் தளர்த்தியது. மோதிவிடும் அபாயம் இல்லாதபோது ஒருவர் கண்ட இடத்தில் தெருவைக் கடந்தால் இனிமேல் போலீஸ்காரர் சீட்டுக் கிழிக்க முடியாது. என் மருமாள் இதைச் சொல்லிவிட்டு, "சட்டம் விட்டுவிட்டது, மாமா, கார் விடாது" என்றாள்.

கதை எழுதுகிறவனுக்கு ஒரு கெட்ட புத்தி உண்டு. எங்கே அநியாயத்தைக் கண்டாலும் அதற்கு ஒரு வில்லனைத் தேடுவான். சிவப்பு வண்டிகளின் முடிவுக்கு ஒரு வில்லன் தயாராகவே இருக்கிறான். கார் கம்பெனியும் டயர் கம்பெனியும் பெட்ரோல் கம்பெனியும் கூட்டுச் சேர்ந்து சதி செய்து ரயிலைக் கொன்றுவிட்டன என்பது கதை. 'ஹூ ஃப்ரேம்ட் ராஜர் ராபிட்' என்ற 1988ஆம் வருஷத்துச் சினிமாப் படம் இதை ஊரெல்லாம் பரப்பிவிட்டது. இதில் உண்மை இல்லாமல் இல்லை. அந்தக் கம்பெனிகள் பணம் போட்ட ஒரு ஸ்தாபனம் மஞ்சள் வண்டிக் கம்பெனியை வாங்கியது வாஸ்தவம். பஸ்களையும் சாமான்களையும் தங்களிடமே வாங்க வேண்டும் என்று ஏற்பாடு செய்ததற்காக 1949ல் அவை கோர்ட்டில் குற்றவாளிகள் என்று தீர்ப்பானதும் வாஸ்தவம். கம்பெனி ஒன்றுக்கு 5,000 டாலர் அபராதம். அதிகாரிகளுக்கு ஆளுக்கு 1 டாலர்!

ஆனால் சிவப்பு வண்டி அதற்கு வெகு காலம் முன்பே நோய்வாய்ப்பட்டிருந்தது. ஹண்டிங்டன் ரயில் விட்டது டிக்கெட் காசுக்காக அல்ல. தண்டவாளத்தின் இரு பக்கத்திலும் மனை விற்பதற்காக. மனையெல்லாம் விற்றுப்போன பிறகு ரயிலைக் கட்டிக் காப்பதில் யாருக்கும் சிரத்தை இல்லை. வண்டிகள் அழுக்கடைந்தன, தாமதமாக வந்தன. ஜனங்களும் சந்தோஷமாகவே காருக்கு மாறினார்கள். வெஸ்ட் ஆடம்ஸுக்குத் தெற்கே சாந்தா மோனிக்காவுக்குப் போன பாதையில் பிரயாணி வண்டி 1953ல் நின்றது. (சென்னையில் டிராம் நின்றதும் அதே வருஷந்தான்.) கடைசிச் சிவப்பு வண்டி லாங் பீச்சுக்கு 1961 ஏப்ரலில் ஓடியது. மஞ்சள் வண்டிகள் 1963 மார்ச்சில் நின்றன.

அதற்குள் 'ஃப்ரீவே' வந்தாகிவிட்டது. ஃப்ரீ என்றால் காசு இல்லை என்று நான் நினைத்தேன். அதன் முக்கியமான அர்த்தம் வேறு: குறுக்கே ஒரு தெருவோ, ஒரு விளக்கோ, ஒரு மனிதனோ வராத பாட்டை. பாஸடீனாவிலிருந்து வரும் முதல் பாட்டையை 1940 டிசம்பர் 30ந்தேதி திறந்தார்கள். 1947ல் கலிபோர்னியாவில் பெட்ரோல் வரியை உயர்த்திப் பாட்டைகளுக்கென்று ஒதுக்கினார்கள். 1956ல் அமெரிக்க மத்திய சர்க்கார் 41,000 மைல் நெடும்பாட்டைகள் போடத் தீர்மானித்து, செலவில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு தானே தருவதாகச் சொல்லியது. கல்யாணத்துக்குப் பந்தல் போட்டால் நூற்றில் தொண்ணூறு நான் தருகிறேன், சாப்பாட்டுக்கு ஒரு காசு தரமாட்டேன் என்று மாமனார் சொன்னால் என்ன ஆகும்? ஊரிலேயே பெரிய பந்தலாகப் போட்டுவிட்டு, விருந்தாளிகளுக்கு மோர் கொடுத்து அனுப்புவோம். லாஸ் ஏஞ்சல்ஸில் நடைபாதை, பூங்கா, பஸ் எல்லாம் அந்த மோர் ஆயின.

பாட்டை எந்த வழியாகப் போவது? இஞ்சினீயர்கள் கணக்குப் போட்டார்கள். காரில் போகிறவருக்கு எத்தனை நிமிஷம் மிச்சம் என்பது வரவு. நிலம் வாங்க எத்தனை டாலர் என்பது செலவு. நிலம் எங்கே மலிவோ அந்த வழியாகக் கோடு இழுத்தால் கணக்கு அழகாக வரும். நிலம் ஏன் அங்கே மலிவு என்பது அவர்கள் கணக்கில் இல்லை. 1939ல் வீட்டுக்கடன் விவகாரங்களைக் கவனித்த சர்க்கார் அதிகாரிகள் நகரத்தின் வரைபடத்தில் சில பேட்டைகளுக்குச் சிவப்பு வர்ணம் பூசியிருந்தார்கள். கறுப்பர்களும் மெக்ஸிகோக்காரர்களும் யூதர்களும் ஜப்பானியர்களும் கலந்து வசித்த இடங்கள் அவை. கடன் கொடுத்தால் ஆபத்து என்பது அதன் அர்த்தம். கடன் இல்லையென்றால் விலை இல்லை. விலை இல்லாத இடத்தின் மேல் பாட்டை வந்தது.

என் மருமாள் வீட்டுப் பக்கத்திலேயே இதற்கு ஒரு கதை இருக்கிறது. வெஸ்ட் ஆடம்ஸில் 'ஷுகர் ஹில்' என்று செல்லப் பெயர் பெற்ற ஒரு மேட்டுப் பகுதி. பெரிய பெரிய பங்களாக்கள். வெள்ளையரல்லாதவருக்கு விற்பதில்லை என்று பத்திரத்திலேயே எழுதியிருந்தார்கள். ஆனாலும் வீடுகள் கைமாறின. கறுப்பு டாக்டர்களும் வியாபாரிகளும் நடிகர்களும் குடி வந்தார்கள். அவர்களில் ஒருவர் ஹாட்டி மக்டானியல். 1940ல் ஆஸ்கார் பரிசு வாங்கிய முதல் கறுப்பர். அண்டை வீட்டு வெள்ளையர்கள் அவர்களை வெளியேற்ற வழக்குப் போட்டார்கள். லோரன் மில்லர் என்ற கறுப்பு வக்கீல் வாதாடினார். 1945 டிசம்பரில் தர்மண்ட் கிளார்க் என்ற நீதிபதி, அரசியல் சட்டத்தின் 14ஆவது திருத்தத்தைக் காட்டி வழக்கைத் தள்ளிவிட்டார். நாட்டின் சுப்ரீம் கோர்ட் இதே முடிவுக்கு வர இன்னும் மூன்று வருஷம் ஆயிற்று. எப்பேர்ப்பட்ட வெற்றி! பத்துப் பதினைந்து வருஷம் அநுபவித்தார்கள். பிறகு சாந்தா மோனிக்கா ஃப்ரீவேயின் கோடு அந்த மேட்டின் வழியாகவே வந்தது. மாற்றச் சொல்லி மன்றாடிப் பார்த்தார்கள், நடக்கவில்லை. 1960களின் ஆரம்பத்தில் வீடுகளை இடித்து, மேட்டைப் பிளந்து, பாட்டை போட்டார்கள். கோர்ட்டினால் வெளியேற்ற முடியாதவர்களை இஞ்சினீயரின் கோடு வெளியேற்றிவிட்டது.

வடக்கே, பணக்காரர்கள் வாழும் பெவர்லி ஹில்ஸ் வழியாகவும் ஒரு பாட்டை போடத் திட்டம் இருந்தது. அதை 1975ல் கைவிட்டுவிட்டார்கள்.

நான் சென்று பார்த்தபோது அந்த ஃப்ரீவேயின் ஓரத்தில் கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு வெகு நேரம் நின்றேன். இதே பாட்டை 1994 ஜனவரி 17ந்தேதி பூகம்பத்தில் இடிந்து விழுந்தது. மறுபடி கட்ட 140 நாள் கெடு வைத்தார்கள். கெடுவுக்கு முன்னால் முடித்தால் நாள் ஒன்றுக்கு 2 லட்சம் டாலர் போனஸ் என்றார்கள். காண்ட்ராக்டர் ராப்பகலாக வேலை வாங்கி 74 நாள் முன்னதாகவே முடித்துவிட்டார். ஏப்ரல் 12ந்தேதி கார்கள் ஓடின. போனஸ் மட்டும் ஒரு கோடியே 48 லட்சம் டாலர். மனிதர்கள் நினைத்தால் எவ்வளவு விரைவாக ஒரு காரியத்தைச் செய்ய முடியும் என்பதற்கு இதைவிட நல்ல அத்தாட்சி வேண்டாம்.

நடைபாதையின் சரித்திரத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அந்த ஊர்த் தெருக்களில் நிழலுக்கென்று நட்ட மரங்களில் நம் ஆலமரத்துக்கு உறவான ஒரு ஜாதி உண்டு. அதன் வேர் சிமெண்டுப் பலகைகளைத் தூக்கிவிடும். சில இடங்களில் நடைபாதை அலை அடிக்கிற மாதிரி இருக்கிறது. 1970களில் மத்திய சர்க்கார் பணம் வந்தபோது வேரால் ஆன சேதத்தை நானே சரி செய்கிறேன் என்று நகரசபை ஏற்றுக்கொண்டது. பணம் நின்றது, வேர் நிற்கவில்லை. சக்கர நாற்காலியில் போகிறவர்கள் 2010ல் வழக்குப் போட்டார்கள். 2016ல் சமரசம் முடிவாயிற்று: 130 கோடி டாலருக்கு மேல் செலவழித்து நடைபாதைகளைச் செப்பனிட வேண்டும். கெடு முப்பது வருஷம். அறுபது வயதுக்காரருக்குத் தொண்ணூறாவது வயதில் நல்ல நடைபாதை!

2015ல் நகரசபை இரண்டு நல்ல திட்டங்களைக் கொண்டுவந்தது. பஸ் பாதை, சைக்கிள் பாதை, கடக்குமிடம் எல்லாம் குறித்த ஒரு வரைபடம். பத்து வருஷத்துக்குள் தெருச் சாவே இல்லாமல் செய்வது என்ற ஒரு சபதம். வரைபடம் பெரும்பாலும் காகிதத்திலேயே இருந்தது. சபதத்தின் கெடு நெருங்கிய 2023ஆம் வருஷத்தில் மட்டும் 300 பேருக்கு மேல் செத்துப்போனார்கள். ஏறக்குறையப் பாதிப்பேர் நடந்து போனவர்கள். நான் போவதற்குச் சில மாதம் முன்பு, 2024 மார்ச்சில், ஜனங்களே வோட்டுப் போட்டு ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். எந்தத் தெருவில் அரைக்கால் மைலுக்குக் குறையாமல் புதுத் தார் போட்டாலும், அந்த வரைபடத்தில் உள்ளதையும் சேர்த்தே செய்ய வேண்டும் என்று. சொந்த நகரசபையைச் சொந்தத் திட்டத்தை நிறைவேற்றும்படி சட்டத்தால் கட்டிப்போட்ட ஜனங்களை எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

ஒரு நாள் தனியாக ரயிலேறி பாயில் ஹைட்ஸ் பேட்டைக்குப் போனேன். 1953ல் நின்றுபோன அந்தப் பழைய பாதையிலேயே 2012ல் மறுபடியும் ரயில் விட்டிருக்கிறார்கள். 2023 ஜூனிலிருந்து அதே வண்டி ஊரைத் தாண்டி ஆற்றுக்குக் கிழக்கேயும் போகிறது. பெயர்த்து எறிந்ததைத் திருப்பிப் போட அறுபது வருஷம்!

பாயில் ஹைட்ஸில் ஹாலன்பெக் பூங்கா இருக்கிறது. 1892ல் இரண்டு பேர் நகரத்துக்குத் தானமாகக் கொடுத்த இடம். நடுவில் நீளமான ஏரி, வாத்துக்கள், தூண்டில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும் கிழவர்கள். தலை நிமிர்ந்து பார்த்தால் ஏரியின் மேற்குக் கரையில் தடித்த தூண்கள். தூண்களின் மேல் ஃப்ரீவே. கோவில் குளத்தின் ஒரு கரையில் பாலம் கட்டி ரயிலை விட்ட மாதிரி இருந்தது. இரைச்சல் ஓயவே இல்லை. சற்றுத் தெற்கே பல பாட்டைகள் வந்து பின்னிக்கொள்ளும் பெரிய முடிச்சு. அதையும் 1960களில் கட்டினார்கள். எட்வர்ட் ராய்பால் என்பவர், 1949ல் நகரசபைக்கு வந்த மெக்ஸிகோ வம்சத்தவர், எதிர்த்துப் பேசினார். தாய்மார்களும் கடைக்காரர்களும் கூட்டம் போட்டார்கள். அவர்கள் பேட்டை வழியாகப் போகிறவர்களின் நிமிஷங்களுக்கு எதிரே அவர்கள் பேச்சு எடுபடவில்லை.

அந்தப் பேட்டைக்கு 2009ல் ரயில் வந்தது. ஸ்டேஷன் இருக்குமிடத்துக்கு மரியாச்சி சதுக்கம் என்று பெயர். மெக்ஸிகோ பாட்டுக்காரர்கள் சரிகைச் சட்டையும் வாத்தியமுமாக அங்கே காத்திருப்பார்கள். கல்யாணத்துக்கோ பிறந்த நாளுக்கோ வேண்டியவர்கள் வந்து பேசி அழைத்துப் போவார்கள். ரயில் வந்ததும் நல்ல கடைகள் வந்தன, வாடகையும் வந்தது. 2017ல் சதுக்கத்துக்கு அருகே ஒரு கட்டடத்தில் வாடகையைத் திடீரென்று பாதிக்கு மேல் உயர்த்தினார்கள். அங்கே குடியிருந்தவர்களில் சிலர் அந்தப் பாட்டுக்காரர்களே. வாடகை தர மாட்டோம் என்று பல மாதம் உறுதியாக நின்று, 2018 பிப்ரவரியில் ஒருவாறு சமரசம் செய்துகொண்டார்கள். ஐம்பது வருஷம் இரைச்சலைச் சகித்துக்கொண்டு இருந்தவர்கள், சௌகரியம் வந்தபோது அதை அநுபவிக்க அங்கேயே இருக்கவேண்டும் என்று போராட வேண்டியிருந்தது.

திரும்பும்போது பஸ்ஸில் போகலாம் என்று ஒரு சபலம். நிறுத்தத்தில் ஒரு கம்பம் மட்டும் இருந்தது. நகரத்திலுள்ள சுமார் 8,000 பஸ் நிறுத்தங்களில் நாலில் ஒன்றுக்குத்தான் நிழற்குடை உண்டு. குடை வைக்கப் பல இலாகாக்களின் அநுமதி வேண்டுமாம். அதற்குப் பரிகாரமாக 2023ல் கம்பத்திலேயே மாட்டக்கூடிய, இரண்டடி அகலமுள்ள ஓர் ஓட்டைத் தகட்டைக் கண்டுபிடித்து, 'லா ஸோம்ப்ரிட்டா', குட்டி நிழல், என்று பெயர் வைத்துப் பத்திரிகைக்காரர்களைக் கூப்பிட்டுக் காட்டினார்கள். நாடே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏனென்றால் நான் நின்ற இடத்தில் அந்தத் தகடுகூட இல்லை. ஒரு நடுத்தர வயது ஸ்திரீ, கையில் இரண்டு பைகளுடன், கம்பத்தின் நிழலில் நேராக நின்றுகொண்டிருந்தாள். நிழல் அவள் தோள் அகலம்கூட இல்லை. என்னைப் பார்த்ததும் அவள் ஒரு அடி முன்னால் நகர்ந்து, எனக்குப் பின்னால் இடம் விட்டாள். பாஷை தெரியாத நாங்கள் இரண்டு பேரும் ஒருவர் பின் ஒருவராக, பஸ் வரும் வரையில் அந்தக் கோட்டுக்குள் நின்றோம்.

அன்று ராத்திரி சாப்பிடும்போது என் மருமாளைக் கேட்டேன்: "இந்த வீட்டில் உங்களுக்கு முன்னால் யார் இருந்தார்கள், அம்மா?"

"யாரோ ஒரு குடும்பம், மாமா. ரொம்ப வருஷமாக வாடகைக்கு இருந்தார்களாம். ரயில் வந்து விலை ஏறியதும் சொந்தக்காரர் விற்றுவிட்டார், நாங்கள் வாங்கினோம்." சாதம் போட்டுக்கொண்டிருந்தவள் சற்று நிறுத்தினாள். "அவர்கள் பேருக்கு இன்னும் கடிதம் வருகிறது. தூக்கிப் போட மனசு வரவில்லை. எங்கே அனுப்புவது என்றும் தெரியவில்லை."

எழுந்து போய் வாசல் மேஜையின் இழுப்பறையைத் திறந்து காட்டினாள். ரப்பர் வளையம் போட்டு ஒரு கட்டு இருந்தது.